காத்திருக்கும் தபால்: ஒன்று

ஜூலை 6

மாண்புமிகு அண்ணா அவர்களுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கினால் நீ மேற்கொண்டு படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். அதனால் நலத்தை விடு. நீ என்னோடு பேசி ஒரு வருஷமும் ஐந்து நாளும் ஆகிறது. இதையெல்லாமா எண்ணுவாய் என்று கேட்காதே. விடுதியில் எண்ணுவதற்கு வேறென்ன இருக்கிறது? ஜன்னல் கம்பி பதினாறு. அதையும் எண்ணி முடித்துவிட்டேன்.

ஃபோன் எல்லாம் வார்டன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. வார்டனை நாங்கள் 'வார்' தனியாக, 'டன்' தனியாகப் பிரித்துத்தான் சொல்வோம். வந்தால் போர், உட்கார்ந்தால் ஒரு டன். ஆகவே கடிதம். அதில் பாதி கடியாக இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். பரீட்சையில் தேறினால் கையில் வைத்து விளையாடுகிற கேம் மெஷின் ஒன்று வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். நான் தேறவே மாட்டேன் என்ற முழு நம்பிக்கையில் கொடுத்த வாக்கு. தேறித் தொலைத்துவிட்டேன். மனிதர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

கடையில் இரண்டு பார்த்தேன். ஒன்று பெரிய திரை. அதில் குதிரை ஓடினால் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பறக்கிறது. மழை பெய்தால் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிகிறது. ஆனால் அந்தக் குதிரை தானே போகிறது, பள்ளம் வந்தால் தானே தாண்டுகிறது. நான் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தூரத்துச் சொந்தம் மாதிரி சும்மா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொன்று உள்ளங்கை அளவு. மனிதர்கள் எல்லாம் அஞ்சாறு கட்டம். மூக்கு எது, முட்டி எது என்று கண்டுபிடிப்பதே தனி ஆட்டம். ஆனால் கடைக்காரர் வந்து, "போதும்மா, அடுத்த ஆளுக்கும் கை இருக்கு" என்று பிடுங்கும்வரை எனக்குக் கீழே வைக்க மனமில்லை.

படமா, ஆட்டமா? நீ பழுது பார்ப்பவன், நான் பழுது ஆக்குபவள். நம் இரண்டு பேருக்கும் மெஷினோடுதான் பிழைப்பு. கையில் எந்நேரமும் ஈயம் வைத்திருப்பவர் பதில் மட்டும் ஈயாமல் இருக்கலாமா?

இப்படிக்கு,
உன் சித்தி பெற்ற வத்திக்குச்சி

பின்குறிப்பு: சும்மா ஒரு சந்தேகம். ரொம்பப் பழைய கேம் கேசட்டுக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்குமே, அது தீர்ந்துபோனால் உள்ளே சேமித்ததெல்லாம் போய்விடுமா? எனக்கில்லை. தோழி ஒருத்திக்கு.


ஜூலை 14

வத்தி,

கேட்டதற்கு மட்டும் பதில்.

பெரிய திரை வாங்கு. மூன்று மணி நேரத்தில் சார்ஜ் இறங்கும். முதுகு சுடும். உள்ளே இருக்கும் விசிறியில் தூசி அடையும். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைக்க வேண்டும். அப்படியும் அதைத்தான் சொல்வேன். நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு மெஷின் பிரிக்கிறேன். திரை உடைந்தால் அழுதுகொண்டு வருகிறார்கள். ஆட்டம் சரியில்லை என்று இதுவரை எவனும் அழுதுகொண்டு வரவில்லை. கண்ணுக்குத்தான் முதல் மரியாதை.

பேட்டரி. ஆமாம், தீர்ந்தால் அழிந்துவிடும். கழற்றினாலும் அழிந்துவிடும். அந்தக் கேசட்டுக்கு மின்சாரம்தான் ஞாபகம்.

உனக்குத் தோழி யாரும் கிடையாது. ஒருத்தி பற்பசையில் நீ பசை வைத்தபிறகு விடுதியே உன்னைக் கண்டால் ஓடுகிறது என்று சித்தி சொன்னாள்.

என் தம்பியின் பழைய மெஷினை ஒரு வருஷமாகத் தேடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையில் அவன் சட்டை இருந்தது, செருப்பு இருந்தது, நான் வாங்கிக் கொடுத்த பெரிய மெஷின் பெட்டியோடு இருந்தது. அது மட்டும் இல்லை.

உன்னிடம் இருக்கிறதா?


ஜூலை 22

அண்ணா,

இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'என் தம்பி' என்று எழுதியிருக்கிறாய். குறளி என்று எழுதவில்லை. நான் வைத்த பெயர் என்பதாலா? கண் மூடித் திறப்பதற்குள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போகும், கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்று பதினொரு வயது முகம் ஒன்று எட்டிப் பார்க்கும். அந்த மாயக் குட்டிக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்? நீயும் அப்படித்தான் கூப்பிட்டாய். மறந்திருக்க மாட்டாய்.

நான் திருடவில்லை. அவன் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், நர்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனதும், போர்வைக்கடியிலிருந்து எடுத்து என் பைக்குள் அவனே திணித்தான். "அக்கா, நீ வெச்சிக்கோ. ஒண்ணாந்தேதி மறக்காம போடு" என்றான். "எதுக்குடா?" என்றேன். "போட்டாத் தெரியும். இப்பச் சொன்னா நீ வத்தி வெச்சிடுவ" என்றான்.

அதற்குள் 'தீவுத் தபால்' கேசட் இருக்கிறது. நீ ஒருநாளும் விளையாடியதில்லை, அதனால் சொல்கிறேன். சண்டை இல்லை, பந்தயம் இல்லை. ஒரு குட்டித் தீவு, அதில் நீ தபால்காரன். கடல் என்றால் நாலு நீலக் கோடு. கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கலாம், நீயும் எழுதலாம். ஒன்றுக்கு நாற்பது எழுத்துதான். எந்தத் தேதியில் போய்ச் சேர வேண்டும் என்று குறிக்கலாம். மெஷினை அணைத்து வைத்தாலும் கேசட்டுக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குறித்த தேதியில் போட்டால் தபாலாபீஸ் மணி அடிக்கும்.

அவன் போய்ப் பதினோராம் நாள் ஒன்றாம் தேதி. போட்டேன்.

மணி அடித்தது, அண்ணா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும். இங்கே மத்தியானம் துணி துவைக்கும் அறையில் ஆள் இருக்காது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதி, செத்துப்போன பையனிடமிருந்து எனக்குத் தபால் வருகிறது. வார்டன் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன அது?" என்றாள். "கால்குலேட்டர்" என்றேன். "எதைக் கணக்குப் போடற?" என்றாள். மெஷினை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு வாளியை நிமிர்த்தினேன்.

வத்தி


ஆகஸ்ட் 1

வத்தி,

நீ இதையும் செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கேம் கம்பெனியிலிருந்து எனக்குப் பரிசு விழுந்திருப்பதாக ஒரு கடிதம் வந்தது. முத்திரையெல்லாம் இருந்தது. கூரியர் ஆபீஸ் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். எதிர்ச் சாரியில் நீயும் அவனும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அன்று நானும் சிரித்தேன். அதனால்தான் உனக்கு எல்லை தெரியாமல் போய்விட்டது.

நீயும் அவனும் ஒருவர் குரலில் ஒருவர் பேசுவீர்கள். ஃபோனில் நீ அவனாக வருவாய், அவன் நீயாக வருவான். அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. சரி, விளையாட்டு. ஆனால் போன ஜூலை ஒன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு, வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத நேரத்தில், வாசலில் பெல் அடித்துவிட்டு நீ சொன்னது என்ன? நான் எழுதுகிறேன், படி.

"அண்ணா, நான்தான். கதவத் திற."

அவன் குரலில்.

அம்மா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. வழுக்கிக்கொண்டு ஓடினாள். அம்மா அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். நின்றது நீ.

அன்றிலிருந்து அம்மா வாசல் கதவைத் திறப்பதே இல்லை. யார் தட்டினாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். பெல்லை நான் கழற்றிவிட்டேன். வெளியே போகும்போது பூட்டிக்கொண்டு போய், நானே வந்து திறக்கிறேன். நீ ஜன்னல் கம்பி எண்ணுகிறாயாமே. அம்மா எதையும் எண்ணுவதில்லை.

இப்போது தபால் வருகிறது என்கிறாய்.

மெஷினை அனுப்பு. உன் கதையை நீயே வைத்துக்கொள்.


ஆகஸ்ட் 9

அண்ணா,

இதில் கடி இல்லை. தேடாதே.

அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு மெஷினைப் போட்டேன். மணி அடித்தது. முதல் கடிதம் இதுதான்:

"அக்கா, பே! பயந்துட்டியா?"

நான் பயப்படவில்லை. சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். செருப்புக்கூடப் போடாமல் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன், உன்னிடம் காட்டத்தான். பெல்லை அடித்தேன். "அண்ணா, ஒண்ணு காட்டறேன் வா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் குரல் வந்தது, அந்த வார்த்தைகள் வந்தன. நீ நம்ப வேண்டாம். பெரியம்மா முகத்தைப் பார்த்தபிறகு மெஷினைப் பையிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் நீ, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாய். மிதிக்கவில்லை.

மொத்தம் பன்னிரண்டு கடிதம். சிலதை அப்படியே எழுதுகிறேன். நான் புளுகுவதாக இருந்தால் இதைவிட நன்றாகப் புளுகுவேன் என்பது உனக்கே தெரியும்.

ஆகஸ்ட்: "வார்டுல என் கட்டில்ல இப்ப யாரு?"

நவம்பர்: "மழையா? இங்க நான் மழைய நிறுத்தி வெச்சிருக்கேன்."

பிப்ரவரி: "இந்த மாசம் உனக்குப் பதினாறு. எனக்கு இன்னும் பதினொண்ணு."

ஏப்ரல்: "அண்ணா கோபம் ஆற ஒரு வருஷம் ஆகும். விடு."

ஜூன்: "உனக்கு இதோட சரி. அண்ணாவுக்கு ஒண்ணு இருக்கு."

ஆமாம். உனக்கு ஒன்று இருக்கிறது. தபாலாபீஸ் பலகையில் முதல் நாளிலிருந்தே எழுதியிருக்கிறது: 'காத்திருக்கும் தபால்: ஒன்று. பெறுநர்: அண்ணா. சேரும் நாள்: செப்டம்பர் 9.' உன் பிறந்தநாள். இந்த வருஷத்துப் பிறந்தநாள். கோபம் ஆற ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டிருக்கிறான், குட்டிப் பிசாசு.

இன்னொன்று. தீவின் ஓரத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், நீலக் கதவு போட்ட ஒரு வீட்டை அவன் கட்டி வைத்திருக்கிறான். பூட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன், "அது யார் வீடுடா?" என்று. "உனக்கில்ல" என்றான். கடிதத்தோடு பொருளும் அனுப்பலாம். சாவி உன் கடிதத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் உன்னிடம் ஏன் ஒரு வருஷம் சொல்லவில்லை? பயம் என்று எழுதினால் அழகாக இருக்கும். பாதிதான் பயம். மீதி, அது என்னுடையதாக இருந்தது. உலகத்தில் எல்லோருக்கும் அவன் போய்விட்டான், எனக்கு மட்டும் மாதம் ஒருநாள் வந்தான். பங்கு போட மனம் வரவில்லை.

இப்போது பங்கு போடாவிட்டால் யாருக்குமே இல்லை. கலங்கரை விளக்கம் விட்டு விட்டு எரிகிறது. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த ஆட்டத்தில் அதுதான் அடையாளம். கடிகாரமும் பின்தங்குகிறது. போன மாதம் மூன்று நாள் பின்னால் இருந்தது, இன்றைக்கு ஐந்து நாள். உன் பிறந்தநாள் அந்தத் தீவுக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை.

தேதியை நானே முன்னால் தள்ளிவிடலாமா? பட்டன்மேல் விரலை வைத்து வைத்து எடுக்கிறேன்.

வத்தி


ஆகஸ்ட் 13

வத்தி,

தள்ளாதே. தொடாதே. மெஷினைப் போடக்கூடப் போடாதே.

அந்த ஆட்டத்தை நான் விளையாடியதில்லை என்று எழுதியிருந்தாய். விளையாடியதில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். கடிகாரத்தில் கைவைத்தால் தபால்காரன் கோபித்துக்கொள்வான். காத்திருக்கும் தபாலையெல்லாம் அடுப்பில் போட்டுவிடுவான். அப்படி ஒருமுறை நடந்து, அவன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதை நீ அறிந்திருக்க வேண்டும். அறிந்தும் கேட்கிறாய். பரவாயில்லை. விரலை எடுத்துவிட்டாய்.

ஒரு வழி இருக்கிறது. பழைய பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் புது பேட்டரியை அதே இடத்துக்கு இணையாக இரண்டு கம்பியில் ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுக்கும். பிறகு பழையதை எடுக்க வேண்டும். கை நடுங்கினால் முடிந்தது. ஒரு துளி ஈயம் பக்கத்துக் காலில் பட்டாலும் முடிந்தது. கடையில் இப்படி நாலைந்து செய்திருக்கிறேன். அதில் ஒன்று போய்விட்டது.

உனக்குத் தெரியாத ஒன்றை நானும் சொல்கிறேன். பெரிய மெஷினை நான் வாங்கிக்கொண்டு வந்த அன்று நீ வார்டில் இல்லை. ஏழு மாதம் சேர்த்து வாங்கினேன். அவன் கையில் கொடுத்து, அந்தக் குதிரை ஆட்டத்தைப் போட்டேன். திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, தண்ணி நெசமாவே தண்ணி மாதிரி இருக்கு" என்றான். பிறகு, "ஆனா இதுல நான் என்ன பண்ணணும்?" என்றான். தலையணைக்கடியிலிருந்து பழசை எடுத்துக்கொண்டான்.

"உனக்கு அந்த டப்பாவும் வத்தியும் போதும்ல? நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான்கு நாள் போகவில்லை. ஜூன் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அம்மாவிடம் கடையில் வேலை என்றேன். வேலை இல்லை. ஐந்தாம் நாள் போனபோது அவனால் உட்கார முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு அது வேண்டும்.

ஞாயிறு பார்வையாளர் நேரத்தில் வருகிறேன். தபாலில் அனுப்பாதே. பருத்தித் துணியில் சுற்றி வை. பாலிதீன் வேண்டாம்.


ஆகஸ்ட் 18

அண்ணா,

வந்தாய். மெஷினையும் கேசட்டையும் வாங்கினாய், கேசட்டைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்கப் போய், "ஐயோ" என்று நீயே நிறுத்திக்கொண்டாய். நாற்பது நிமிஷமும் என் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாய். பார்வையாளர் கூடத்து நாற்காலிக்கு எத்தனை கால் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

போகும்போது ஒன்று செய்தாய். மெஷினின் வலப்பக்கப் பட்டனைக் கட்டைவிரலால் தடவினாய். அவன் அழுத்தி அழுத்திக் குழிவிழுந்த பட்டன். நான் என்ன சொல்ல வாயெடுத்தேனோ அதை விழுங்கிவிட்டேன். எந்தக் குரலில் வந்துவிடுமோ என்று பயம்.

நீ போனபிறகு ஒரு தோழி (உண்மையான தோழி, அந்தப் பற்பசைக்காரியேதான்) கேட்டாள், "அது யாருடி, சிரிக்கவே மாட்டாரா?" என்று. "உள்ள சிரிப்பாரு, ஸ்பீக்கர் ரிப்பேர்" என்றேன்.

துவைக்கும் அறைக்குப் போனேன். கையில் எதுவும் இல்லாமல் வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.

கைநடுங்காமல் செய். நடுங்கிவிட்டாலும் எனக்கு எழுது. மறைக்காதே. மறைப்பது என்னுடைய வேலை.

வத்தி


ஆகஸ்ட் 30

வத்தி,

முடிந்தது. இருக்கிறது.

முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு ஸ்க்ரூ. உள்ளே பழைய பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. அளந்தேன். இன்னும் பத்து நாள் தாங்கியிருந்தால் அதிசயம். புதியதை ஒட்டிவிட்டுப் பழையதைப் பிடுங்கும்போது மூச்சை நிறுத்தினேன். எவ்வளவு நேரம் நிறுத்தினேன் என்று தெரியவில்லை, கண் இருட்டிவிட்டது. போட்டுப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் சீராக எரிகிறது. பலகையில் ஒன்று காத்திருக்கிறது.

பட்டனை மாற்றவில்லை. புதுப் பட்டன் கடையில் இருக்கிறது. மாற்ற மாட்டேன்.

கடிகாரம் அதே ஐந்து நாள் பின்னால்தான் ஓடுகிறது, இனி அதற்குமேல் பின்தங்காது. திருத்தக் கூடாது. எனக்கு இருபத்தொரு வயது இங்கே ஒன்பதாம் தேதி ஆகும். அங்கே ஆவதற்குப் பதினான்கு வரை காத்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினை அலமாரியில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அதன்மேல் அவனுடைய கைக்குட்டை போர்த்தியிருந்தது.


செப்டம்பர் 15

வத்தி,

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்குப் போட்டேன். முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. நீ சொன்ன மாதிரிதான், கிண்ணென்று ஒரே அடி. தபால்காரன் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வந்து உறையை நீட்டினான். முத்திரை உடையாமல் இருந்தது. எழுதிய நாளும் போட்டிருந்தது, ஜூன் 11. நான் போகாத நாட்களில் இரண்டாவது நாள்.

திட்டியிருப்பான் என்று நினைத்தேன். ஒரு வருஷமாக அதற்குத்தான் தயாராக இருந்தேன். பிரித்தேன். என்னையறியாமல் வாய்விட்டுப் படித்துவிட்டேன்.

"அண்ணா, நான்தான். கதவத் திற. படம் சுமார்தான், பொறுத்துக்கோ."

உன் கையெழுத்தாக இருக்குமோ என்று ஒரு நொடி பார்த்தேன். கட்டத்தில் என்ன கையெழுத்து! முத்திரை உடையவில்லை. ஜூன் பதினொன்றில் அவன் எழுதியதை, ஜூலை ஒன்றில் நீ வாசலில் நின்று சொல்லியிருக்கிறாய். அதே குரலில், அதே வார்த்தைகளில். எப்படி என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்வாய். எனக்குப் பதில் வேண்டாம்.

உள்ளே துணி மடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. அம்மா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள். பதினான்கு மாதத்தில் முதல்முறை. கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு நின்றாள். வெளியே வெயில். ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். வேறு யாரும் இல்லை. அம்மா அழவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைக் காட்டி, "அதுலயும் திறடா" என்றாள்.

கடிதத்தோடு வந்த சாவியை நீலக் கதவுக்குப் போட்டேன்.

வார்டு. நான்கு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கட்டில், பாட்டில் தொங்கும் கம்பி. ஜன்னலுக்குக் கீழே கறுப்பாக ஒரு சதுரம், அது நான் வாங்கிக் கொடுத்த மெஷின். அதில் நாலு நீலக் கோடு வேறு, தண்ணீராம். கட்டில் காலி. பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். முகம் மொத்தம் ஒன்பது கட்டம். இரண்டு விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறது.

"நீதான்டா" என்றாள் அம்மா. பார்த்த உடனே சொன்னாள். "நீ உக்கார்ற மாதிரியே, ஒரு கால் மடிச்சி."

நான் போகாத நான்கு நாளும் அந்த நாற்காலியில் நான் இருந்திருக்கிறேன். அவன் உட்கார வைத்திருக்கிறான். இப்போதும் உட்கார்ந்திருக்கிறேன். மெஷினை அணைத்துவிட்டேன், ஆனால் உள்ளே கடிகாரம் ஓடுகிறது. ஐந்து நாள் பின்னாலிருக்கும் அந்த அறையில் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நான் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறேன். கடையில் மெஷின்களைப் பிரிக்கும்போது நடுவில் அது ஞாபகம் வருகிறது.

ஜூலையில் நீ கேட்டதற்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். ஒன்பது கட்டம் போதும். எது உன் கட்டைவிரலை விடாதோ அதை வாங்கு.

இதை எழுதும்போது காலை ஒன்பது மணி. வாசல் கதவை அம்மா இன்றைக்கும் திறந்து வைத்திருக்கிறாள். "சாத்தட்டுமாம்மா?" என்றேன். "இருக்கட்டும். வத்தி லீவுக்கு வருவா இல்ல?" என்றாள்.

பெல்லைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அண்ணா


செப்டம்பர் 22

அண்ணா,

எப்படி என்று நீ கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்: எனக்கும் தெரியாது. இதற்கு ஒரு கடி போட முயற்சி செய்தேன். வரவில்லை.

மெஷின் வாங்குவதைத் தள்ளி வைத்துவிட்டேன். அப்பா முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. உன் அலமாரியில் பெரியது பெட்டிக்குள் சும்மாதானே தூங்குகிறது, எடுத்துச் சார்ஜில் போட்டு வை. அந்தக் குதிரை என்னதான் செய்கிறது என்று நாம் மூன்று பேரும் பார்ப்போம். பெரியம்மாவையும் சேர்த்துத்தான் மூன்று. நாலாவது ஆளை நான் எண்ணவில்லை. அவனே வந்து எண்ணிக்கொள்வான்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி லீவு. பதினோராம் தேதி காலை பத்து மணிக்கு உங்கள் வாசலில் இருப்பேன். கதவு திறந்திருந்தாலும் பெல்லை அடிப்பேன். பெரியம்மா என்று கூப்பிடுவேன், என் சொந்தக் குரலில். பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை.

மத்தியானம் துவைக்கும் அறையில் ஒத்திகை பார்த்தேன். முதல் இரண்டு முறையும் அவன்தான் வந்தான். மூன்றாவது முறை நான் வந்தேன்.

வத்தி